தண்ணீர் எங்கே போகிறது?

உங்கள் வீட்டு முற்றத்தில் பழைய டீசல் வேன் ஒன்று நிற்கிறதா? அல்லது உங்கள் பிள்ளைகள் தினமும் அப்படியொரு வேனில் ஏறிப் பாடசாலைக்குப் போய் வருகிறார்களா? அப்படியாயின் இக்கட்டுரை உங்களுக்கானதுதான். வாகனம் பற்றிய விடயம்தானே, அது ஆண்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் உரியது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இங்கே சொல்லப்போவதில் பாதியை வீட்டிலுள்ள எவரும் செய்யலாம். கையில் கிரீஸ் படவேண்டிய அவசியம்கூட இல்லை.

என் மச்சானின் தொழில், மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது. அவருடைய வேன் 1991இல் ஜப்பானில் தயாரிக்கப்பட்டது. டர்போ பொருத்திய டீசல் எஞ்சின். வயது சென்ற வாகனம்தான் என்றாலும் குடும்பத்துக்குச் சோறு போடுவது அதுதான். ஒரு காலத்தில் அந்த வேன் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை லீற்றர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆனால் நிலத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

கராஜுக்குக் கொண்டுபோனார். வேனை நிறுத்தி வைத்து எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கசிவு தெரியவில்லை. ரேடியேட்டராக இருக்கும் என்றார்கள். ரேடியேட்டரைக் கழற்றித் துப்புரவு செய்தார்கள். தண்ணீர் குறைவது நிற்கவில்லை. அப்படியானால் ஹெட் கெஸ்கட்தான் என்றார்கள். அதையும் மாற்றினார்கள். ஒரு வாரம் வேன் ஓடவில்லை, உழைப்பும் இல்லை. கடன்பட்டுக் காசு கொடுத்தார். மறுவாரமே மீண்டும் அரை லீற்றர்.

ஒருநாள் காலை, பதினொரு பிள்ளைகளோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் வேன் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஏறியிருந்த வெப்பமானி ஊசி திடீரென்று கீழே இறங்கியது. மச்சானுக்கு நிம்மதி, சூடு தணிந்துவிட்டது என்று நினைத்தார். அப்போது பின் ஆசனத்திலிருந்த சின்னப்பிள்ளையொன்று, "மாமா, பாணி காய்ச்சிற மாதிரி வாசம் வருது" என்றது. அந்தச் சொல்தான் வேனைக் காப்பாற்றியது, பிள்ளைகளையும் காப்பாற்றியது. ஓரத்தில் நிறுத்திப் பிள்ளைகளை இறக்கினார். ஆசனத்தைத் தூக்கினால் ஒரே நீராவி. ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டியவரைப் பின்னால் வந்த லொறிச் சாரதி ஒருவர் ஓடிவந்து தடுத்தார்.

இதில் என்ன நடந்தது? ஊசி ஏன் இறங்கியது? தண்ணீர் எங்கே போனது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊசி சொல்லும் பொய்

வெப்பமானியின் உணர்கருவி எஞ்சினுக்குள் ஓடும் நீரில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியான சூட்டைக் காட்டும். நீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். அப்போது ஊசி கீழே விழலாம். எஞ்சின் எரிந்துகொண்டிருக்க, ஊசி மட்டும் குளிர் என்று சொல்லும். ஆகவே ஏற்றத்தில் ஏறும்போது ஊசி மேலே போவது எவ்வளவு ஆபத்தோ, காரணமின்றித் திடீரென்று கீழே விழுவதும் அவ்வளவு ஆபத்து. உடனே நிறுத்துங்கள்.

பழைய டர்போ டீசல்களில் இது ஏன் உயிர்ப் பிரச்சினை ஆகிறது? டொயோட்டா டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேன்களில் வந்த 2சி-டீ, மிட்சுபிஷி டெலிக்காவில் வந்த 4டி56 போன்ற எஞ்சின்களில் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, மேலேயுள்ள ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். அளவோடு சூடானால் இரண்டுக்கும் இடையிலுள்ள கெஸ்கட் அதைத் தாங்கும். அளவு மீறினால் ஹெட் வளையும். அல்லது வால்வுகளுக்கு இடையே வெடிக்கும். பல பழைய வேன்கள் ஓட்டத்தை நிறுத்தியது இந்த ஒரு வெடிப்பினால்தான். சில நிமிட அலட்சியம் போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் ஒரு கொப்பி எடுங்கள். எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும் அதிகாலையில், வேன் சமதரையில் நிற்கும்போது, உபரித் தாங்கியில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கோடு போட்டுக் குறியுங்கள். அன்று எத்தனை கிலோமீற்றர் ஓடியது, ஏற்றமா சமதரையா என்பதையும் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். மலைப்பாதையில் போன நாளில் மட்டும் குறைகிறதா? ஓடாமல் நின்ற நாளிலும் குறைகிறதா? இந்த ஒரு விடையே மெக்கானிக்கின் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

உபரித் தாங்கியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. தாங்கியில் நீர் நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். நீர் விளிம்புவரை நிற்க வேண்டும்.

இரண்டாவதாக, இரவில் வேனுக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாள்களையோ பெரிய காட்போட் மட்டையையோ விரித்து வையுங்கள். சக்கரங்கள் நின்ற இடத்தை மட்டையில் அடையாளமிட்டுக் கொண்டால், காலையில் நனைந்த இடம் எந்தப் பாகத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிறமும் மணமும் இல்லாத சுத்தமான நீர் என்றால் பெரும்பாலும் ஏசி இயந்திரத்தின் ஈரம், பயப்பட வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமும் வழுவழுப்பும் இருந்தால் அது கூலன்ட். வெறும் தண்ணீர் ஊற்றி ஓடிய வாகனமானால் துருவின் செம்மண் நிறம் இருக்கும்.

சில கசிவுகள் எஞ்சின் ஆறிய பிறகே தெரியும். சூட்டில் விரிந்து இறுக்கமாக நின்ற ரப்பர் குழாயும் கிளிப்பும் குளிரில் சுருங்க, அந்த இடைவெளியால் நீர் சொட்டும். வேறு சில, எஞ்சின் சூடேறி உள்ளே அழுத்தம் கூடினால்தான் திறக்கும். ஆகவே காலையிலும் பாருங்கள், ஓடி வந்த உடனேயும் பாருங்கள்.

மூன்றாவது மூக்கு. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் சூடான உலோகத்தில் விழுந்தால் இனிப்பான வாசம் வரும். வேனுக்குள் இந்த வாசம் வீசினாலோ, முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசையான மூட்டம் படிந்தாலோ, கால் மிதியடி நனைந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். ஜப்பானில் குளிருக்காகச் செய்யப்பட்ட பல வேன்களில் பின் ஆசனத்துக்கும் தனி ஹீட்டர் உண்டு. அதற்கான இரும்புக் குழாய்கள் வேனின் அடிப்பக்கமாக நீண்டு செல்லும். நமது நாட்டில் அந்த ஹீட்டரை யாரும் போடுவதில்லை. ஆகவே அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் குழாய் மட்டும் சேற்றிலும் மழையிலும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறது.

மூடி என்னும் சின்னப் பொருள்

ரேடியேட்டர் மூடியைப் பலரும் போத்தல் மூடி போல நினைக்கிறார்கள். அது ஒரு வால்வு. அதன் மேல் 0.9 என்பது போல ஓர் இலக்கம் பொறித்திருக்கும். அந்த அளவுவரை உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அதன் வேலை. சாதாரணமாக 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், அந்த அழுத்தத்தில் சுமார் 118 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. நீர் முன்கூட்டியே கொதித்து உபரித் தாங்கி வழியாக வெளியேறும். மூடியிலுள்ள சிறிய உறிஞ்சு வால்வு இறுகிவிட்டால், ஆறும்போது நீர் திரும்பி வராது. மேல் ரப்பர் குழாய் சப்பையாகிக் கிடக்கும். வேறு எதையும் கழற்றுவதற்கு முன் மூடியைச் சோதியுங்கள். மாற்றுவதானால் அதே இலக்கமுள்ள மூடியையே வாங்குங்கள்.

கராஜில் கேட்க வேண்டியவை

நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. இதை நன்கு மனதில் வையுங்கள். டர்போ வேலை செய்வது பாரம் ஏறும்போதுதான். ஏற்றத்தில் எக்சிலரேட்டரை அழுத்தும்போது டர்போ காற்றைத் திணிக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் பன்மடங்காகிறது. புகை வெளியேறும் பக்கத்தின் சூடு 600, 700 பாகைவரை போகலாம். நீரும் அப்போதுதான் முழுச் சூட்டுக்கும் முழு அழுத்தத்துக்கும் வருகிறது. முற்றத்தில் சும்மா இயங்கும் எஞ்சினில் இவை எதுவுமே நடப்பதில்லை. கசிவு ஒளிந்துகொள்வது இதனால்தான்.

ஆகவே மெக்கானிக்கிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அளவுவரை அழுத்தம் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பார்ப்பது. அளவை மீறி அடிக்கக்கூடாது. நல்லாயிருக்கும் குழாயும் வெடித்துவிடும். ஊசி இறங்கினால் எங்கோ கசிகிறது. டோர்ச் லைட்டை எடுத்துத் தேட வேண்டும். குழாய்களின் முனைகள், ரேடியேட்டரின் ஓரங்கள், தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரம், எஞ்சின் பக்கங்களில் பதித்த வட்டமான தகட்டு அடைப்புகள், பின் ஹீட்டர் குழாய்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பம்பின் துவாரத்தில் நீர்க்கறை இருந்தால் அதன் உள் அடைப்பு போய்விட்டது என்று பொருள். குளிர்ந்த எஞ்சினில் எதுவும் தெரியாவிட்டால், ஓர் ஏற்றம் ஓடிவிட்டு வந்து, மூடியைப் பாதுகாப்பாகத் திறக்கும் அளவுக்கு ஆறியதும், உலோகம் இன்னும் சூடாக இருக்கும்போதே மீண்டும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, டர்போவைச் சுற்றிப் பார்ப்பது. சில டர்போக்களை ஒயில் மட்டுமே குளிர்விக்கிறது. சிலவற்றுக்கு நீரும் போகிறது. மெல்லிய இரு நீர்க்குழாய்கள் அதனுடன் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டர்போவுக்கு அருகில் செல்லும் ரப்பர் குழாய்கள் சூட்டில் காய்ந்து, விறகு போல் இறுகி, மயிரிழை போல் வெடிக்கும். அந்த வெடிப்பால் வரும் சொட்டு நிலத்துக்கு வருவதில்லை. சூடான உலோகத்தில் விழுந்து அந்தக் கணமே ஆவியாகிவிடும். அது விட்டுச் செல்வது வெள்ளையாகவோ வெளிறிய பச்சையாகவோ உப்புப் பூத்தது போன்ற ஒரு படிவு மட்டுமே. நிலம் காய்ந்திருக்கிறது என்பதால் கசிவு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது, உட்கசிவுச் சோதனை. கெஸ்கட் போயிருந்தால் எரிந்த வாயு நீருக்குள் புகும். குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ரப்பர் குழாய் கல்லாக இறுகினால் சந்தேகம் வலுக்கிறது; நீர் சூடாவதற்கு முன் அவ்வளவு அழுத்தம் வரக் காரணம் இல்லை. ரேடியேட்டருக்கு மேலே பொருத்திச் சோதிக்கும் நீலநிறத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும். பெற்றோலில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறுவது வழக்கம். டீசல் சும்மா இயங்கும்போது அந்த வாயு குறைவு என்பதால், எஞ்சினை முடுக்கிச் சோதிக்க வேண்டும்.

ஒயில் அளவுகோலில் ஒயில் பாலும் தேநீரும் கலந்த நிறமாக இருந்தால் நீர் ஒயிலில் கலந்திருக்கிறது. அந்த வாகனத்தை ஓட்டவே கூடாது. ஆனால் ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்பசை இருப்பது, குறுகிய தூரமே ஓடும் வாகனத்தில் ஈரம் படிவதாலும் வரும். அதைக் காட்டி ஹெட்டைக் கழற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள்.

சூடேறிய பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசத்துடன் வெண்புகை வந்தால் நீர் எரிகிறது. இது கெஸ்கட்டாகவும் இருக்கலாம், ஹெட் வெடிப்பாகவும் இருக்கலாம், நீரால் குளிர்விக்கப்படும் டர்போவின் உள் வெடிப்பாகவும் இருக்கலாம். டர்போவில் இருந்து புகைக் குழாயைக் கழற்றிவிட்டு அழுத்தம் ஏற்றினால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் காணலாம். ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால், வெறும் கெஸ்கட்டை மாற்றி மூடிவிட விடாதீர்கள். அதன் தளம் நேராக இருக்கிறதா என்று அளந்து, வேர்க்ஷொப்பில் அழுத்தச் சோதனையும் செய்த பின்பே பூட்ட வேண்டும். வெடித்த ஹெட்டுக்குப் புதிய கெஸ்கட் போட்டுப் பயனில்லை.

கைவைத்தியங்கள்

ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடுவது, முட்டையின் வெள்ளைக்கரு ஊற்றுவது, கடையில் விற்கும் அடைப்புத் தூள் போடுவது என்று பல யோசனைகள் வரும். நடுக்காட்டில் நின்று வீடு வந்து சேர இவை உதவலாம். அதை நிரந்தர வைத்தியமாக்கினால், கசிவை அடைக்கும் பொருளே ஹீட்டரின் நுண்குழாய்களையும் டர்போவின் மெல்லிய நீர்வழிகளையும் அடைத்துவிடும்.

நமது நாடு வெப்ப நாடு, தேர்மோஸ்டாட் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிகிறவர்களும் உண்டு. சுமார் 80 பாகையில் திறக்கும் இந்தச் சிறு வால்வு, சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் குறுக்குவழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் நீரில் ஒரு பகுதி குளிராமலே சுற்றும்.

கிணற்று நீரை ஊற்றுவதும் நல்லதல்ல. யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதி நீர், கேத்தலின் அடியில் படிவது போலவே எஞ்சினுக்குள்ளும் படியும். வடித்த நீரும் கூலன்டும் சரிபாதி கலந்து ஊற்றுவதே முறை. துருப்பிடிக்காமல் காப்பதும் கூலன்டின் வேலைதான்.

வீட்டாருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. கூலன்ட் இனிப்பானது, ஆனால் கொடிய நஞ்சு. சிறு பிள்ளைகளும் பூனைகளும் ஆடுகளும் அதை நக்கிவிடக்கூடும். குடிநீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

வழியில் சூடேறினால்

ஊசி மெல்ல ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அவ்வழியே வெளியேறும். சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, ஆவி தெரிந்தாலோ, ஊசி திடீரென விழுந்தாலோ ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பிள்ளைகளை வாகனங்கள் போகாத பக்கத்தால் இறக்கித் தூரத்தில் நிற்க வையுங்கள். மூடியைத் தொடாதீர்கள். மூடி திறந்த கணமே, அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் கொதித்து முகத்துக்குப் பாயும். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுத்து, மேல் ரப்பர் குழாய் கையால் அழுத்தினால் மெதுவாக இருக்கிறதா என்று பார்த்து, தடித்த துணியால் மூடியை முதற்கட்டம் வரை மட்டும் திருப்பி ஆவியைப் போகவிட்டுப் பின்னர் திறவுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

மச்சானின் வேனுக்கு வருவோம். அன்று அதை இழுத்துச் சென்ற ஊர்க் கராஜில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் எத்தனை நாளாகக் குறைகிறது, எந்தப் பாதையில் ஓடினால் குறைகிறது என்று கேட்டார். நீரை நிரப்பி, மூடியைச் சோதித்து, நீலத் திரவத்தால் கெஸ்கட்டையும் சோதித்தார்; நிறம் மாறவில்லை. பின்பு தானும் ஏறிக்கொண்டு, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் அதே ஏற்றத்தில் சிறிது தூரம் ஓட்டிவித்தார். திரும்பி வந்து, சற்று ஆறவிட்டுப் பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றி, டோர்ச் அடித்தார். டர்போவுக்குப் பின்னால் ஒளிந்து செல்லும் ஹீட்டர் குழாயின் வளைவில் உப்புப் பூத்த ஒரு கோடு. அதன் நுனியில் ஒரு சொட்டு. கீழே இருந்த சூடான தகட்டில் விழுந்து சுரீரென்று மறைந்தது.

மாற்றியது ஒரு சாண் நீள ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்புகளும். அதற்கு முன் மாற்றிய கெஸ்கட் பழுதானதே அல்ல.

முதலாவது கராஜ்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே கசிகிறது என்று கண்ணால் காணும் முன் பாகத்தை மாற்றினார், அவ்வளவுதான். அந்தத் தவறின் விலையை ஒரு குடும்பம் மாதக்கணக்கில் கட்டியது. இன்னும் ஒரு மைல் போயிருந்தால் அதைவிடப் பெரிய விலை கொடுத்திருப்போம். ஆகவே நீங்களும் கராஜில், "எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "எங்கே கசிகிறது, எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.

அந்தக் கொப்பி இன்றும் மச்சானின் வேனில் இருக்கிறது. தினமும் காலையில் நீர் மட்டத்தைப் பார்த்து எழுதுவது அவருடைய மூத்த மகளின் வேலை. பல மாதங்களாக அந்தப் பிள்ளை எழுதுவது ஒரே வசனத்தைத்தான்: "கோட்டில் நிற்கிறது."